லேசானது முதலில் போகும்

செவ்வாய் வெறுவாய் என்று நகம்கூட வெட்டாத ஊர் மருதங்குத்தகை. ஆனால் பூமிக்கடியில் மைல் கணக்கான ஆழத்தில் கிடந்த களிப்பாறையை உருளை உருளையாக அறுத்து மேலே தூக்குகிற கம்பெனிக்காரனுக்கு யார் போய்ப் பஞ்சாங்கம் படிப்பது? குறுவைக்கு நாற்று விட்டிருந்த வயல்களுக்கு நடுவே நட்டு வைத்திருந்த இரும்புக் கோபுரத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கறுப்புக் கல் வெளியே வந்தது. சாயங்காலம் ஊரில் தொடுத்து வைத்திருந்த மல்லிகையில் எல்லாம் வாசனை போயிருந்தது.

தண்ணீரை அள்ளித் தெளித்துப் பழைய பூவை விற்றுவிட்டாள் என்று பெண்கள் பூக்காரியைக் கரித்துக்கொட்டினார்கள். மறுநாள் எலுமிச்சம்பழம் வெறும் புளிப்பாக மட்டும் இருந்தது, அதற்கப்புறம் கொத்தமல்லி போயிற்று, காப்பித்தூள் போயிற்று, நல்ல கோடைமழை ஒன்று அடித்துப் பெய்தும் மண் வாசனை எழும்பவில்லை, பால் பொங்குவதும் பருப்பு வேகுவதும் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன. கனத்த வாசனைகள் கொஞ்சநாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. சாணி நின்றது, கருவாடு நின்றது, வியர்வை ஊறிய சட்டைக் காலர் நின்றது. பிறகு அவையும் ஒவ்வொன்றாக, சொல்லிக்கொள்ளாமல் விருந்தாளி போகிற மாதிரி போய்விட்டன.

புயலும் வெள்ளமும் மாறி மாறிப் பார்த்த ஜனத்துக்கு இதெல்லாம் ஒரு நட்டமா? அடிப்பிடித்தால் தெரியாது என்பதால் பெண்கள் உலைப்பானையை விட்டு நகராமல் அடுப்படியிலேயே உட்கார்ந்தார்கள். மீன்காரன் முந்தாநாள் மத்தியை இன்றைக்கு ஏறினது என்று சத்தியம் பண்ணி விற்றான். வாங்கித் தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். திரும்பி வந்து அவனிடமே வாங்கினார்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் வேறு மீன்காரன் கிடையாது. குடித்துவிட்டு வருகிற புருஷன் வாயை மோந்து பார்த்துப் பிரயோசனமில்லை என்றானதும், வாசலில் கோலமாவால் நேராக ஒரு கோடு இழுத்து அதன்மேல் நடந்து வரச் சொன்னார்கள் மனைவிமார்கள். சாமிக்கும் தெரியப்போவதில்லை என்று குருக்கள் சாம்பிராணியை நிறுத்தினார். கீழத்தெருவில் தனியாளாக இருந்த தம்புசாமி செத்துக் கிடந்தது ஜன்னலில் ஈ அடைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. தூக்கிப் போட்டுவிட்டு வந்து, "நல்ல சாவு, நாறாத சாவு" என்று தலை முழுகினார்கள்.

ஆனால் மாட்டிடம் இந்தச் சமாதானம் எல்லாம் செல்லுமா? ஈன்ற கன்றை நக்கி மோந்து பார்த்து அடையாளம் வைத்துக்கொள்கிற ஜாதி அது. வாசம் இல்லாத கன்றை எந்த மாடும் அண்டவிடவில்லை, மடிக்குப் போன கன்றை எட்டி உதைத்தது. கன்றுக்குச் சலங்கை கட்டிப் பார்த்தார்கள். மாடு சலங்கையைப் பார்த்து மிரண்டது. மாட்டுக்கு நேர்ந்ததுதான் கொஞ்சநாள் கழித்து மனுஷருக்கும் நேர்ந்தது.

கோசலையின் மகள் பூவணி கல் வருவதற்கு முன்பே பிறந்தவள். கோசலையின் புருஷன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். பிள்ளையைப் போனில் மட்டும் பார்த்திருந்தான். வாசம் எல்லாம் போன பிறகு ஒருநாள் பூவணி அம்மாவின் மார்பில் முகத்தை வைத்துத் தேடினாள், தேடியது கிடைக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள், பிறகு யாரோ அந்நியக்காரி தூக்கிவிட்ட மாதிரி அலறினாள். புட்டிப்பால் கொடுத்தார்கள், துப்பினாள். பாலாடையால் வாய்க்குள் ஊற்றினார்கள், கடைவாயில் வழிந்தது. ஊரில் கைக்குழந்தை இருந்த வீடெல்லாம் இதே கதைதான். பிள்ளையின் தொடையில் சதை வற்றித் தோல் தொங்க ஆரம்பித்திருந்தது.

கோசலை அந்தக் கல் இருந்த கொட்டகையில்தான் வேலை பார்த்தாள். ஊர்க் களத்தை ஒட்டிக் கம்பெனி போட்ட தகரக் கொட்டகை அது. அங்கே அதிகாரி என்று இருந்தது நவமணி மேடம் ஒருத்திதான். நாகர்கோவில்காரி, கல்லைப் படித்தவள், கல்லைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காதவள். கல் மேலே வந்த கையோடு பாதியை, வெள்ளைப் புகை கக்குகிற நைட்ரஜனில் உறையவைத்து டப்பாக்களில் இறுக மூடியிருந்தார்கள். மறுபாதியைப் பலகைமேல் திறந்து போட்டிருந்தார்கள். பிறகு இரண்டையும் பொடித்து மெஷினில் வைத்துச் சுடவேண்டும். சுட்டால் கல்லுக்குள் இருக்கும் எண்ணெய் ஆவியாகி வரும், எவ்வளவு என்று மெஷின் சொல்லும். மூடியிருந்த கல்லுக்கும் திறந்து கிடந்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. அந்த இழப்பை அளக்கத்தான் நவமணி வந்திருந்தாள்.

"பாறைக்குள்ள இருக்கது மேல வந்ததும் நிக்காது, கேட்டியா? லேசானது முதல்ல போவும், கனமானது பொறவு போவும். அதுனால நான் சொல்லாம இந்த டப்பா மூடியத் தொறக்கப்பிடாது."

"எங்க ஊர்லயும் அப்புடித்தான் மேடம் ஒண்ணொண்ணா போச்சு" என்றாள் கோசலை.

நவமணி வாசனையில்லாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அது என் வேலையில வராதும்மா" என்றாள். கெட்டவள் இல்லை, அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு டப்பாவைத் துடைக்கும்போது மூடி நெகிழ்ந்து, உள்பக்கம் முத்து முத்தாய்ப் பூத்திருந்த ஈரம் கோசலையின் முந்தானையில் ஒட்டியது. மண்ணெண்ணெயும் இல்லை பெட்ரோலும் இல்லை, இரண்டுக்கும் பெரியம்மாவைப் போல ஒரு வாடை. எத்தனையோ நாளைக்கப்புறம் மூக்குக்குள் ஒன்று நுழைந்ததில் அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். பூவணி மூக்கை அசைத்தாள், முந்தானையில் முகத்தைப் புதைத்தாள், பிறகு இத்தனை நாள் பசியையும் சேர்த்துவைத்து உறிஞ்சிக் குடித்தாள். கோசலை சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து மேடம் சாப்பிடப் போகிற நேரமெல்லாம் கோசலை மூடிகளைத் திறந்து பழந்துணியால் ஒற்றியெடுத்தாள். விஷயம் எத்தனை நாளைக்கு மறையும்? முதலில் பக்கத்து வீட்டு ருக்குமணி வந்தாள், கோசலைக்கு ஒரு வாரம் பிந்திப் பிள்ளை பெற்றவள், அவளுக்கும் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். பிறகு பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள், பிறகு மாடு வைத்திருப்பவர்கள் வந்தார்கள். தாய்மார்கள் துணியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்கள், கன்றுகளின் முதுகில் தேய்த்தார்கள். ஊரில் இருந்தது ஒரே வாசம் என்பதால் எந்தப் பிள்ளையும் எந்த மடியிலும் குடித்தது, எந்தக் கன்றையும் எந்த மாடும் நக்கியது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை எதிர்ப்படுகிற வீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். இதிலும் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது என்று ஊர் சொல்லிக்கொண்டது. ஆனால் வாசம் துணியில் தங்கவில்லை. விடிந்தால் மறுபடி துணி வேண்டும்.

இப்படி இருக்கையில் நவமணி ஒருநாள் இரண்டு பக்கத்திலிருந்தும் துளி எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"மூடி வச்சதுல இருக்க வேண்டிய அளவு இல்ல, தொறந்து போட்டதுலயும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கு. இப்படியே போனா இந்தக் கல்லுல சொல்லும்படியா இழப்பே இல்லன்னு எழுதிட்டு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த வாரம் எல்லாத்தையும் சுட்டு முடிச்சிருவேன்."

மூடிய டப்பாவில் ஏன் குறைந்தது என்பது கோசலைக்குத் தெரியும். குறைந்தது எங்கே போனது என்பதும் தெரியும். அது பூவணியின் வயிற்றில் இருந்தது. கம்பெனி மூட்டை கட்டினால் டப்பாக்களும் போகும். அப்புறம் பிள்ளை எதை மோந்து குடிக்கும்?

அன்று சாயங்காலம் ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. ஊராட்சித் தலைவர் பக்கிரிசாமி விஷயத்தை எடுத்து வைத்தார். மேடம் இழப்பை அளக்க வந்திருக்கிறாள் என்பது ஊருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் எட்டியிருந்தது. எட்டியதும் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. இழப்பை அளக்க வந்தவனிடம் குறைத்துக் காட்டினவன் மருதங்குத்தகையில் பிறந்ததே இல்லை. புயலில் பாதி சாய்ந்த தென்னையை மீதியும் சாய்த்துவிட்டுத்தான் அதிகாரியைக் கூப்பிடுவார்கள். வெள்ளத்தில் தப்பின பயிரை ராத்திரியோடு ராத்திரியாக மடை திறந்து மூழ்கடிப்பார்கள், நின்ற சுவரை நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. பட்டதில் பாதியைத்தான் சர்க்கார் எப்போதும் நம்பும், அதனால் இரண்டு மடங்காகப் பட்டுக் காட்டவேண்டும், அவ்வளவுதான் நியாயம்.

"கல்லு வந்துதான் வாசம் போச்சு. இழப்பு இவ்வளவுன்னு மேலே எழுதிப் போச்சுன்னா, இந்தாப்பா இதால ஊருக்கு இவ்வளவு சேதம்னு கல்லத் திரும்ப உள்ள எறக்கிடுவான். எறக்கிட்டா போனதெல்லாம் திரும்பி வந்துடும். இப்ப இழப்பு கம்மியா வருதுன்னு பேச்சு அடிபடுது. நம்ம ஊரு மானமே போயிடும்" என்றார் பக்கிரிசாமி. பிறகு கோசலையைப் பார்த்து, "ஆயி, அந்தத் தொறந்து கெடக்குற கல்ல எல்லாம் நம்ம களத்துல கொண்டாந்து வெயில்ல காயப் போடு. நல்லாக் காயட்டும். இருக்குறதெல்லாம் போவட்டும்."

"மேடம் திட்டுவாங்க பெரியப்பா."

"கொட்டகையில கரையான்னு சொல்லு. நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் காலையில் கோசலை பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி நவமணியிடம் கேட்டாள்.

"இழப்பு கூட வந்தா என்னா மேடம் பண்ணுவாங்க?"

நவமணிக்குத் தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் முகம் மலர்ந்துவிடும். "இந்த ஜில்லா முழுக்கப் பழைய காலத்துல தோண்டின கெணறு கெடக்கு. அதுல எடுத்த கல்லெல்லாம் குடோன்ல வருஷக்கணக்கா காஞ்சு கெடக்கு. இப்ப அளந்தா ஒண்ணும் இல்ல. ஆனா இங்க இழப்பு கூட வந்துதுன்னு வையி, அந்தக் கல்லுலயும் அதே மாதிரி இருந்துதான் போயிருக்கும்னுதானே அர்த்தம்? அத்தனையையும் பெருக்கிக்கிடுவோம். எவ்வளவு போச்சோ அவ்வளவு கீழ இருக்கு."

"அப்ப கல்லத் திரும்ப எறக்க மாட்டீங்களா?"

நவமணி சிரித்துவிட்டாள். "எறக்கவா? இன்னும் நூறு எடத்துல எடுப்போம்."

கோசலை வெளியே வந்து கொட்டகை நிழலில் நின்றாள். எதிரே குறுவை நாற்று பச்சைப்பசேலென்று நின்றது. அதில் அவர்கள் வீட்டு வயலும் ஒன்று. இப்போதே ஓடிப்போய்ப் பக்கிரிசாமியிடம், பெரியப்பா, இழப்பைக் கூட்டிக் காட்டினால் நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிடலாம். கம்பெனி போய்விடும், வயல் தப்பும். வாசம் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும், அதைக் கண்டவர் யார்? அதுவரைக்கும் பூவணி தாங்குவாளா? பிள்ளையின் தொடைத் தோல் தொங்கினது அவள் விரலுக்குள்ளேயே இருந்தது. வயல் எல்லாருடையது, பிள்ளை தன்னுடையது என்று அவள் நெஞ்சு கல்லானது. கோசலை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கரையான் என்றதும், திறந்து கிடக்கிற கல்தானே என்று நவமணி தலையாட்டினாள், கல் களத்துக்கு வந்தது. அவித்த நெல்லைக் கிளறுகிற மாதிரி பெண்கள் காலால் கல்லைத் தள்ளித் தள்ளிப் புரட்டினார்கள், வேண்டுதலுக்குச் செய்கிற சிரத்தையோடு செய்தார்கள், சிலர் குலவைகூடப் போட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கல்லின்மேல் கானல் நெளிந்து, கொஞ்சநேரம் களம் முழுக்க அந்த வாடை மிதந்தது. அதற்குள் கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து களத்தின் நடுவிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். ஊருக்காக இவ்வளவு பெரிய காரியம் செய்கிறாளே என்று கோசலையை எல்லாரும் வாயார வாழ்த்தினார்கள். இரண்டாம் நாள் கல் வெளுத்து, செத்த கல்லாகிவிட்டது. வாடை நின்றுபோயிற்று.

இனி மூடிய டப்பாதான். அதைத் திறந்தால் அதிலிருப்பதும் குறையும், வித்தியாசம் சுருங்கும், எல்லாம் பாழாகும். மேடம் சுட்டு முடிக்கிறவரை ஒரு மூடியையும் திறப்பதில்லை என்று கோசலை முடிவுகட்டினாள். கடைசியாக ஒற்றிய துணியை மட்டும் பாலிதீன் பையில் இறுக்கிச் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். வேளைக்கு ஒரு தரம் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்து, பூவணிக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, மறுபடி சுற்றி உள்ளே வைத்தாள்.

ருக்குமணி வந்தாள். "ஒரு துண்டுடி, விரல் அகலத்துக்கு இருந்தாப் போதும். நேத்துலேருந்து கண்ணே முழிக்கல பய."

"இல்லடி. டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க."

"பூவணி குடிச்சாளா?"

"இல்ல" என்றாள் கோசலை. உள்ளே பூவணி வயிறு நிறைந்த தூக்கத்தில் இருந்தாள்.

ருக்குமணி மறுநாளும் வந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள், ஊசி போட்டு அனுப்பினார்கள், திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவள் மகன் அடங்கிவிட்டான். பிள்ளையை வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு வந்த கையோடு, அழுது வீங்கின முகத்தோடு நின்ற அவளிடமே பக்கிரிசாமி, "மேடம்கிட்ட சொல்லி இந்தப் புள்ளையையும் இழப்புல சேத்துடணும்மா" என்றார். குரூரத்தில் சொல்லவில்லை. அந்த ஊருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

கடைசியில் நவமணி கல்லை எல்லாம் சுட்டு முடித்து, ஊரைக் கூப்பிட்டாள். ஜனங்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, நிவாரணம் வாங்கப் போகிறவர்களாகவே வந்தார்கள். நவமணிக்குச் சந்தோஷத்தில் நாக்கு குழறியது.

"நான் பாத்ததுலயே இவ்வளவு இழப்பு எங்கயும் வந்தது கெடையாது" என்றாள்.

ஊர் கை தட்டியது. யாரோ விசில் அடித்தான். தட்டி ஓய்ந்ததும் பக்கிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப எப்பங்க கல்லத் திரும்ப எறக்குவீங்க?" என்றார். நவமணி கோசலையிடம் சொன்னதையே எல்லாருக்கும் சொன்னாள், பொறுமையாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. எவ்வளவு போச்சோ அவ்வளவு கீழே இருக்கிறது. பழைய கல்லில் போனதையும் கூட்டியாகிவிட்டது. இனி நிறையக் கிணறு வரும். தட்டின கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜனங்கள் நின்றார்கள். எல்லாரும் கடைசியாகக் கோசலையைத்தான் பார்த்தார்கள், அதுவும் பரிதாபமாக. பாவம், இவளுக்கு மட்டும் என்ன தெரியும், நாம் சொன்னதைத்தானே செய்தாள் என்று. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

அறுப்புக்கு முன்பே வயல்களில் கோபுரங்கள் முளைத்தன. அதுவரை கோசலை காலி டப்பாக்களை வழித்துக் கொடுத்த துணியில் மற்றப் பிள்ளைகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. கோசலை வீட்டு வயலில் ஒன்று, தலைவர் வயலில் இரண்டு, சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்து ஒன்று. பகலிலும் எரிகிற தீ நாக்குகள் வானத்தை நக்கின. வாய்க்கால் தண்ணீரில் வானவில் படர்ந்தது. வாசம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. சோற்றில், துணியில், தலைமுடியில், சாமி விபூதியில், எல்லாவற்றிலும் அந்த ஒரே வாசம். மல்லிகையும் அதே வாசம் வீசியது. ஏதோ ஒன்றாவது வருகிறதே என்று பெண்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பூக்காரிக்கு மறுபடி வியாபாரம் ஆனது. மாடுகள் கோபுரத்தின் பக்கம் திரும்பி நின்று அசைபோட்டன.

பூவணி தேறினாள், கன்னம் உப்பியது, தொடையில் மடிப்பு விழுந்தது. ஆனால் இப்போது அவளுக்குத் துணியும் வேண்டியதில்லை, கோசலையும் வேண்டியதில்லை. காற்று கோபுரத்துப் பக்கமிருந்து அடித்தால் யார் கொடுத்தாலும் குடித்தாள், யாரும் கொடுக்காவிட்டால் காற்றைப் பார்த்து வாயைத் திறந்தபடி கிடந்தாள். காற்று மாறினால் அலறினாள். கோசலை நெஞ்சோடு அணைத்தால் அந்த அணைப்பிலிருந்து நெளிந்து நெளிந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் மதியம் காற்று மாறியதும், மற்றத் தாய்மார்களைப் போலவே கோசலையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் பழைய வயலுக்குப் போனாள். கம்பி வேலியை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பிள்ளைகளின் முகம் கோபுரத்தைப் பார்த்திருந்தது. வரிசைக் கடைசியில் ருக்குமணி வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இப்புடி வா கோசலை, இங்கதான் நல்லா வருது" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

"நீ எதுக்குடி இங்க வர்ற?"

ருக்குமணி குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்தாள். அது இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. "இந்த வாசம் பட்டா எனக்கு இன்னும் சொரக்குதுடி. வீட்டுல இருந்தாக் கட்டிக்கிட்டு உயிர் போவுது. இங்க வந்தா பீச்சிட்டுப் போவலாம்." பிறகு கையை நீட்டி, "பூவணியக் குடேன். மண்ணுல ஊத்துறதுக்கு அவளாவது குடிக்கட்டும். ஒன் பிள்ளையும் அன்னிக்குப் பட்டினி கெடந்ததுதானே" என்றாள்.

கோசலை பிள்ளையைக் கொடுத்தாள். பூவணி ஒருகணமும் தயங்கவில்லை, முகம் தூக்கி யாரென்று பார்க்கவில்லை, ருக்குமணியின் மடியில் சுருண்டு கண்ணை மூடிக் குடித்தாள். ருக்குமணி அவள் தலையைத் தடவித் தடவிக் கொடுத்தாள். வெயில் சாய்ந்து, மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போனார்கள். ருக்குமணி எழுந்திருக்கவில்லை. கோசலை பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை.